மனையும் மரமும்

செட்டிநாட்டு மாளிகைகளைக் காண ஆண்டுதோறும் பல கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வருகின்றனர். அவர்களுடன் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் ஆகிய ஊர்களின் வீதிகளில் நடந்து செல்லும் வாய்ப்பு எனக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. தேக்குத் தூண்களையும், முகம் பார்க்கலாம் போன்று மின்னும் சுவர்களையும், பூ வேலைப்பாடு அமைந்த தளக்கற்களையும் கண்டு வியந்தபின், அவர்களுள் ஒருவரேனும் ஒரு வினாவை எழுப்பாமல் இருப்பதில்லை. "ஐயா, இவ்வளவு பொருள் செலவிட்டு வீடு கட்டியவர்கள் வாயிலில் ஒரு பூந்தோட்டம் வைக்கவில்லையே, அது ஏன்?" என்பதே அவ்வினா.

வினா நியாயமானதுதான். நடுவில் வீடு, சுற்றிலும் தோட்டம், முன்னால் பசும்புல் தரை என்னும் ஓவியம் நம் மனத்தில் எவ்வாறோ பதிந்துவிட்டது. அவ்வோவியத்தைக் கையிற் கொண்டு செட்டிநாட்டைப் பார்த்தால், அங்கே வீதியையொட்டி வரிசையாகச் சுவர்களே தெரியும். ஆயினும் அழகிய மனைச்சூழல் ஒன்றை அம்மக்கள் திட்டமிட்டே அமைத்தனர் என்பது என் கருத்து. அதை நாம் தேடும் இடத்தில் அவர்கள் வைக்கவில்லை. எங்கே வைத்தனர், ஏன் அங்கே வைத்தனர் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். காரைக்குடிச் சுற்றுப்புறம் செம்மண்ணும் செம்பூரான் கல்லும் நிறைந்த மேட்டுநிலம். வற்றாத ஆறு ஒன்றும் இங்கு ஓடவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றுடன் வந்து போய்விடும். எஞ்சிய நாள்களில் கண்மாயும் ஊருணியும் கிணறும் காத்த நீரே மக்களுக்குத் துணை.

அத்தகைய நிலத்தில் மனிதர் குடியேறுமுன்பே தம் தகுதியால் குடியேறி நின்றவை சில மரஞ்செடிகள். ஊர்ப்பெயர்கள் அவற்றை இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றன. காரை என்னும் முட்செடி மண்டியிருந்த இடமாதலின் காரைக்குடி ஆயிற்று என்பர். சுண்ணாம்புக் காரையால் வீடுகள் எழுந்த ஊராதலின் அப்பெயர் வந்தது என்பாரும் உளர். நான் செடியின் பக்கமே நிற்பேன். ஏனெனில் அண்டையில் உள்ள வேலங்குடியும் இலுப்பைக்குடியும் தத்தம் பெயரில் ஒரு மரத்தைத் தாங்கி நிற்கின்றன. நகரத்தாரின் ஒன்பது கோயில் ஊர்களுள் இவ்விரண்டும் அடங்கும். அவற்றுள் மற்றொன்றாகிய பிள்ளையார்பட்டிக்கு மருதங்குடி என்ற பழம்பெயர் உண்டு. அங்குத் தலமரமும் மருதமே. மாவட்டத்தின் வடமேற்கிலுள்ள பிரான்மலையே பாரி ஆண்ட பறம்பு என்பர் ஆய்வாளர். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே பந்தலாக நிறுத்திவிட்டுப் போன அரசன் அவன். கொடிக்கு இவ்வளவு விலையுயர்ந்த பந்தல் அமைத்தவர் உலக வரலாற்றில் வேறு எவரும் இருப்பதாகத் தெரியவில்லை!

இந்நிலம் வெறும் பொட்டலாகவும் இருந்ததன்று. 1801ஆம் ஆண்டில் மருது சகோதரர்களை எதிர்த்து வந்த ஆங்கிலப் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோயில்வரை காட்டை வெட்டி வழி அமைக்க முயன்றது. ஏறத்தாழ ஒரு திங்கள் கோடரியும் கையுமாக உழைத்தும் முடியாமல் அம்முயற்சியைக் கைவிட்டது. அப்படையில் இருந்த வெல்ஷ் என்னும் அதிகாரி 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் இதனை எழுதியிருக்கிறார். முள்ளும் புதரும் அன்று கோட்டை மதிலாக நின்றன. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், காடு தன் காவலரை இழந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். 1852இல் நடந்த இரண்டாம் ஆங்கில - பர்மியப் போருக்குப்பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மிய அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு திருத்திக் கழனியாக்கிய உழவர்க்குக் கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் நாட்டுக்கோட்டை நகரத்தார். அத்தொழிலில் ஈட்டிய பொருளே பெரும்பாலும் இம்மாளிகைகளாக எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940ஆம் ஆண்டு வரையில் இவ்வீடுகள் கட்டப்பட்டன. இவற்றுக்கு வேண்டிய தேக்கு, பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. வாயிலில் மரம் நடாதவர்கள் வீட்டுக்குள்ளே ஒரு காட்டையே தூணாக நட்டுவிட்டார்கள் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

ஊரின் அமைப்பைக் கவனியுங்கள். வீதிகள் நேர்கோட்டில் ஓடுகின்றன. வீடு ஒரு வீதியில் முகப்பு வைத்துத் தொடங்கி, கட்டுக்கட்டாக நீண்டு, பல இடங்களில் அடுத்த வீதியில் போய் முடிகிறது. ஆகவே முன்னே ஒதுக்கி விடுவதற்கு இடம் இல்லை. வெளியே விடாத இடத்தை அவர்கள் உள்ளே விட்டனர். முகப்பையும் திண்ணையையும் கடந்து நிலைவாயிலின் வழியே உள்ளே சென்றால், திடீரென்று வானம் தெரியும். நான்கு புறமும் தாழ்வாரம் சூழ, நடுவே கல் பாவிய திறந்தவெளி. இதுவே வளவு. சுற்றியுள்ள ஓட்டுக் கூரைகள் அனைத்தும் வளவை நோக்கியே சரிந்திருக்கும். மழை பெய்தால் அந்நீர் முழுதும் உள்முற்றத்தில் வந்து விழும். முதல் மழையில் கூரையின் தூசு கழுவப்பட்டபின், செம்பு அண்டாக்களையும் கிடாரங்களையும் வைத்துக் குடிநீர் பிடிப்பர். மிகுந்த நீர் கல் வாய்க்காலில் இறங்கிக் கிணற்றுக்கோ, வீதிக் கால்வாய் வழியாக ஊருணிக்கோ சென்று சேரும். பழைய உரோமானியர் வீடுகளிலும் நடுக்கூடத்தின் கூரை திறந்திருக்கும். அதன் கீழ் மழைநீர் ஏந்தும் தொட்டி ஒன்றும் இருக்கும். தட்பவெப்பம் ஒத்திருந்தால், கடல் கடந்த மக்களும் ஒத்த முடிவுக்கு வருவர் போலும்.

இவ்வளவு அழகிய வளவின் நடுவில் நான்கு பூஞ்செடிகள் இருந்தால் எப்படியிருக்கும் என்று இளமையில் நான் எண்ணியதுண்டு. ஒருமுறை ஆச்சி ஒருவரிடம் அதைக் கேட்டே விட்டேன். "செடி வைத்துவிட்டால் வடகமும் வற்றலும் எங்கே காயப்போடுவதாம், அப்பச்சி? கல்யாணம் வந்தால் ஊரை எங்கே உட்கார வைப்பதாம்?" என்று திருப்பிக் கேட்டார் அவர். கட்டடக் கலைஞர் எவரும் இதைவிடத் தெளிவாக விளக்கியிருக்க முடியாது. வளவு நெல் உலரும் களம், மணப்பந்தல், வெப்பக் காற்றை மேலே வெளியேற்றி இல்லம் முழுவதையும் குளிர்விக்கும் வாயில். அங்கே செடிக்கு விடும் நீர் ஆண்டு முழுதும் கல்லின் இடுக்கில் ஊறிக்கொண்டிருந்தால் கடைக்காலுக்கும் கேடு. அதனால் வளவை வெறுமையாக விட்டதே ஒரு திட்டம் என்று கொள்ள வேண்டும்.

பூவை அவர்கள் வெறுத்தார்களா என்றால், இல்லை. காலடியில் ஆத்தங்குடிக் கற்களில் பூ; தூணின் போதிகையில் வாழைப்பூ; நிலையின் மேல் தாமரை; வாயிலில் மாக்கோலத்தில் பூக்கொடி. நீர் ஊற்ற வேண்டாத பூக்களை வீட்டுக்குள் வைத்தனர். நீர் வேண்டும் பூக்களை நீர் உள்ள இடத்திற்கு அனுப்பினர். எங்கெங்கே?

முதலிடம் பின்கட்டு. சமையற்கட்டுக்கும் கிணற்றடிக்கும் நடுவே பாத்திரம் கழுவும் நீர் ஓடும் வழியில் வாழை நிற்கும். அதன் இலையே மறுநாள் உண்கலம். சற்றுத் தள்ளிக் கறிவேப்பிலை, எலுமிச்சை அல்லது நார்த்தை. முருங்கை இருந்தால் அது மதிலோரத்தில் இருக்கும். காற்றுக்கு ஒடியும் கிளை ஓட்டின்மேல் விழக்கூடாதல்லவா? துளசிக்கு ஒரு மாடம். இத்தோட்டத்திற்கென்று யாரும் தனியே ஒரு குடம் நீர் இறைத்தது அரிது. ஒருமுறை பயன்பட்ட நீரே மறுமுறை பயன்பட்டது.

அடுத்தது நந்தவனம். கோயிலை ஒட்டிக் கிணறு வெட்டி, பூச்செடிகள் வைத்து, அவற்றைக் காக்க ஒருவரை அமர்த்துதல் நகரத்தாரின் அறங்களுள் ஒன்று. நந்தியாவட்டை, செவ்வரளி, செம்பருத்தி, பவளமல்லிகை, வில்வம் ஆகியவை அங்கு வளர்ந்தன. இவற்றைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள நுட்பத்தைப் பாருங்கள். நந்தியாவட்டையும் அரளியும் கடுங்கோடையைத் தாங்கி ஆண்டின் பெரும்பகுதியும் பூப்பவை. ஆடும் மாடும் அவற்றைத் தீண்டா. பவளமல்லிகை இரவில் மலர்ந்து, விடியற்காலையில் தானே உதிர்ந்து பூக்கொய்வோருக்கு வேலையைக் குறைக்கிறது. இலுப்பையைத் தோப்பாக வைத்தனர். அதன் விதையிலிருந்து எடுத்த எண்ணெய் கோயில் விளக்கில் எரிந்தது.

எனக்கு மிகவும் உவப்பான இடம் ஊருணிக்கரை. ஊரார் உண்ணும் நீர் உடையது ஊருணி. செம்பூரான் கல்லால் நாற்புறமும் படித்துறை கட்டி, பலவற்றில் நடுவே கிணறும் அமைத்திருப்பர். குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. குளிப்பதற்கு வேறு ஊருணி உண்டு. அதன் கரையில்தான் பெருமரங்கள் நின்றன. ஆலும் அரசும் வீட்டருகே வைக்கத்தக்கவை அல்ல. அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும், கிணற்றைத் தேடிச் செல்லும். ஊருணிக் கரையிலோ அதே வேர் மண்ணை இறுகப் பற்றிக் கரையைக் காக்கும். நிழல் நீரின் மேல் விழுந்து ஆவியாவதைக் குறைக்கும். நீர் எடுக்க வந்தவர் இளைப்பாறுவர். அரசையும் வேம்பையும் இணைத்து நட்டு, அடியில் நாகர் கல் வைத்துவிட்டால், கோடரியுடன் எவரும் அணுகார். வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஊருணியையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும், மருந்தாகும் மரத்தையும் அடுத்தடுத்து மூன்று குறள்களில் உவமையாக வைத்திருக்கிறார். செட்டிநாட்டு ஊர் ஒன்றில் நின்றுகொண்டு அம்மூன்றையும் படித்தால் அவ்வரிசையின் பொருள் நன்கு விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மாறுதல் தோன்றியது. இரங்கூன், சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு முதலிய இடங்களில் ஐரோப்பியர் பங்களாக்களைப் பார்த்தவர்கள், தம் ஊரிலும் சில மாளிகைகளுக்கு முன்புறம் வெளி விட்டு, மதிலும் இரும்புக் கதவும் வைத்தனர். அவ்வெளியில் புதிய விருந்தினர் வந்து அமர்ந்தனர். குரோட்டன் செடி மலேயாவையும் பசிபிக் தீவுகளையும் சேர்ந்தது. காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா பிரேசில் நாட்டுக் கொடி; அதன் பெயர் போகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயர். செம்மயிற்கொன்றை மடகாஸ்கர் தந்தது. சிவன் கோயில்களில் பத்தியோடு போற்றப்படும் நாகலிங்க மரத்தின் தாயகங்கூடத் தென் அமெரிக்காதான்! ஆகவே வெளிநாட்டுச் செடி என்று கேட்டதும் முகம் சுளிக்க வேண்டுவதில்லை. காகிதப்பூ நம் வெயிலில் நம்மைவிட மகிழ்ச்சியாக இருக்கிறது. வந்த செடி நம் மண்ணுக்கும் நீருக்கும் இசைகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அக்கேள்வியைக் கேளாமல் ஏற்றுக்கொண்டதன் பயனைச் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் நன்கு அறியும். சீமைக் கருவேலம் அமெரிக்க வெப்பநாடுகளுக்கு உரியது. 1877ஆம் ஆண்டளவில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விறகுக்காக விதைக்கப்பட்டது. பின்னர் வறண்ட மாவட்டங்களிலும் பரப்பப்பட்டது. ஏழைக்கு விறகும் கரியும் தந்தது உண்மையே; அதற்கு நன்றி கூறத்தான் வேண்டும். ஆனால் ஆடுமாடுகள் தின்ற காயின் விதை சாணத்தோடு எங்கும் விழுந்து முளைக்க, கண்மாயும் வரத்துக்கால்களும் முள்ளால் மூடின. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு இதனை அகற்றுமாறு ஆணையிடும் நிலை ஏற்பட்டது. ஆயினும் வெட்டிய இடத்தில் அது மீண்டும் தழைக்கிறது.

மாளிகைகளின் கதையும் இதற்கிடையே மாறியது. 1930ஆம் ஆண்டை ஒட்டி வந்த உலகப் பொருளாதார மந்தம், 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டமை, அதன்பின் அந்நாட்டில் நிலம் அரசுடைமையானமை ஆகியவற்றால் செல்வத்தின் ஊற்று வற்றியது. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. பல வீடுகள் பூட்டப்பட்டன. சில பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு வந்தன. வீடு போனதைப் பலர் பேசுகின்றனர். வரத்துக்கால் அடைபட்ட ஊருணியையும், கிணறு தூர்ந்த நந்தவனத்தையும் பேசுவோர் சிலரே. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. வீடும் வீதியும் ஊருணியும் சேர்ந்த முழு அமைப்பே மதிப்புடையது என்பது அதன் கருத்து. தனி மாளிகையின் அழகு ஒரு பகுதியே.

காரைக்குடியில் வேறு வகை அமைப்பு ஒன்றும் உண்டு. மாணவர்களாகிய உங்களுக்கு அது நெருங்கியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் இங்குக் கல்லூரி தொடங்கினார். மைய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலையில் நேரு அவர்கள் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் திறந்து வைத்தார். பழைய மாளிகையில் வெளி வீட்டுக்குள் இருந்தது. இங்கே வீடு வெளிக்குள் வந்து நின்றது. செம்பூரான் மேட்டில் நிழல் உண்டாக்குவது எளிய செயலன்று. கன்றை நட்டு மூன்று கோடை காத்தால்தான் அது தன் காலில் நிற்கும். இன்று அவ்வளாகத்தில் நடப்பவர் அந்நிழலை இயல்பென்றே எண்ணிச் செல்கின்றனர்.

இப்போது ஊருக்கு வெளியே புதிய மனைகள் எழுகின்றன. பல வீடுகளுக்கு முன் புல்தரை இடுகின்றனர். இங்கிலாந்தில் ஆண்டு முழுதும் தூறல் விழும். ஆதலின் அங்குப் புல் தானே வளரும். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு சதுர மீட்டர் கூரையில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 90,000 லிட்டர். நூறு சதுர மீட்டர் புல்தரைக்கு வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் ஊற்றினால் நாளொன்றுக்கு 500 லிட்டர். 180 நாளில் 90,000 லிட்டர். ஓராண்டு மழையை ஒரு புல்தரை ஆறு திங்களில் குடித்துவிடுகிறது! 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அவ்வாறு சேகரித்த நீரைப் புல்லுக்கு இறைப்பது என்ன நீதி?

அம்மனையில் நான் நடுவதாயின் மேற்கே ஒரு வேம்பு நடுவேன். பிற்பகல் வெயில் சுவரில் படாது. சுவரிலிருந்து இருபதடியேனும் விலகி நிற்கட்டும். தெருவோரம் புங்கம், அது கோடை தொடங்கும்போதே புதுத்தளிர் போர்த்துக்கொள்ளும். வேலிக்கு மருதாணியோ நொச்சியோ போதும். குளியலறை நீர் போகும் வழியில் வாழை. சன்னலருகே ஒரு பவளமல்லிகை. மிகுந்த இடத்தை வெறுந்தரையாக விட்டுவிடுவேன்; ஆச்சி சொன்னதுபோல் வற்றல் காயப்போட இடம் வேண்டுமே!

மரத்தைப் பொதுவில் வைத்துக் காக்கும் வழக்கம் அடியோடு போய்விடவில்லை. திருப்பத்தூரை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கருவேல மரங்களின் மேல் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. 1977இல் அப்பகுதி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளியன்றும் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை.

யாரும் நடாத செடி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூட்டிய மாளிகைகளுக்கு இன்று பெரும்பகை அதுவே. பறவை எச்சத்தில் வந்த அரசின் விதை, முகப்பின் காரை வெடிப்பில் விழுந்து முதல் மழையிலேயே முளைத்துவிடுகிறது. இரண்டாண்டு கவனிக்காவிட்டால் வேர் சுவருக்குள் இறங்கிச் செங்கல்லைப் பிரிக்கிறது. ஆதலால் பொறுப்புள்ள குடும்பத்தார் ஆண்டுதோறும் மழைக்குப்பின் ஆள் வைத்துக் களைகின்றனர். அண்மையில் ஒரு கார்த்திகைத் திங்களில் அத்தகைய வேலையைக் கீழே நின்று பார்த்தேன். முகட்டில் சுதையால் செய்த திருமகளின் தோளருகே ஒரு சாண் உயரத்தில் அரசங்கன்று ஒன்று தளிர் விட்டிருந்தது. ஏணியில் ஏறியவர் அதைப் பிடுங்கி எறியவில்லை. வெடிப்பைச் சுரண்டி, வேர் அறாமல் எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி இறக்கினார். எதற்கு என்று கேட்டேன். "ஊருணிக் கரையில் ஒரு மரம் பட்டுப்போய் இடம் கிடக்கிறது, ஐயா, இந்த ஈரத்திலேயே வைத்துவிட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கன்றை எடுக்க மீண்டும் ஏணியில் கால் வைத்தார்.